ஊமை ஈரலுக்கு ஒரு வக்காலத்து

மனித சரீரத்தின் உள்ளுறுப்புகளுள் எடையில் முதன்மையானதும் தொழில்களின் எண்ணிக்கையில் இணையற்றதுமான கல்லீரல், தன் துன்பத்தைத் தானே எடுத்துரைக்கும் சக்தியில் மட்டும் கடைசி ஸ்தானத்தில் நிற்கிறது. பல்லில் கடுகளவு சொத்தை விழுந்தால் இரவெல்லாம் உறக்கம் போகிறது. சிறுநீர்க் குழாயில் மிளகளவு கல் அசைந்தால் திடகாத்திரமான மனிதன் தரையில் புரள்கிறான். ஆனால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நிறையுள்ள இந்த அவயவத்தின் உட்பகுதியில் வலியை அறிவிக்கும் நரம்புகள் இல்லாமையாலும், அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறை இழுபடும்போது மட்டுமே வலது விலாவின் கீழ் ஒரு மந்தமான கனம் தோன்றுவதாலும், மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் எஞ்சிய பங்கு வளர்ந்து முழு வேலையையும் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு அதனிடம் உபரி பலம் இருப்பதாலும், அது உள்ளுக்குள் தழும்பேறிக்கொண்டிருக்கும் பத்து இருபது ஆண்டுகளிலும் அதன் சொந்தக்காரர் கடைக்குப் போய்வருகிறார், கல்யாண வீடுகளில் பந்தி விசாரிக்கிறார், தமக்கு ஒரு குறையும் இல்லையென்றே நம்புகிறார். கண் மஞ்சளித்து, வயிற்றில் நீர் கோத்து, இரத்தமாக வாந்தி எடுக்கும் நாளில்தான் ஈரல் வாய் திறக்கிறது. எளிய பரிகாரங்களுக்குரிய காலம் அதற்குள் கடந்துவிடுகிறது. ஆகவே இந்த ஊமைக் கட்சிக்காரருக்காக வேறொருவர் முன்கூட்டியே வக்காலத்து ஏற்றாக வேண்டும். அந்த வேறொருவர் நோயாளியேதான் என்பதும், அவருடைய வாதம் பல சமயங்களில் வைத்தியரின் காதில் ஏறுவதில்லை என்பதுமே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

வைத்தியர் அறையில் வழக்கமாக நடப்பதைப் பார்ப்போம். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார், வேறெதற்கோ எடுத்த வயிற்று ஸ்கேனில் 'கிரேடு ஒன் ஃபேட்டி லிவர்' என்று எழுதியிருப்பதைக் கண்டு கலவரமடைந்து, ஓயாத அசதியையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு வருகிறார். வைத்தியர் இரத்தப் பரிசோதனைத் தாளை ஒரு பார்வை பார்க்கிறார். "எல்லாம் நார்மலாத்தான் இருக்கும்மா. இது இப்போ எல்லாருக்கும் இருக்கிறதுதான். கொஞ்சம் வெயிட்டைக் குறைங்க" என்கிறார். சம்பாஷணை முடிந்தது. இதில் பொய் என்று சொல்லத்தக்க வாக்கியம் ஒன்றுகூட இல்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னை நகரவாசிகளிடையே நடத்தி 2009-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில் நூற்றுக்கு முப்பத்திரண்டு பேருக்கு ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் ஈரல் நோயால் சாகப்போவதில்லை. மாரடைப்பே அவர்களை முந்திக்கொண்டு அழைத்துப்போகும். வாசலில் ஐம்பது பேர் காத்திருக்கும் ஒரு வைத்தியர் இந்த விகிதாசாரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஆறுதல் சொல்லி அனுப்புவதை அலட்சியம் என்று ஒரே சொல்லில் கண்டித்துவிடுவது நியாயமன்று. ஆனால் எவருடைய ஈரலில் கொழுப்போடு நில்லாமல் தழும்பும் கட்டிக்கொண்டு வருகிறதோ அந்தச் சிலரும் அதே வரிசையில், அதே முகத்தோடு, அதே அசதியைச் சொல்லிக்கொண்டுதான் அமர்ந்திருக்கிறார்கள். பலரினின்றும் அந்தச் சிலரைப் பிரித்தெடுக்காமல் எல்லோருக்கும் ஒரே ஆறுதலை வழங்குவதே இங்கே நேரும் பிழை.

இந்தப் பிழைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1980-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மினசோட்டா மாகாணத்து ராச்செஸ்டர் நகரில் உள்ள மேயோ கிளினிக்கில் நோய்க்குறியியல் நிபுணராக இருந்த யூர்கன் லுட்விக் என்பவர், தம் சகாக்களோடு சேர்ந்து இருபது நோயாளிகளைப் பற்றிய ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டார். அந்த இருபது பேரின் ஈரலிலிருந்து ஊசியால் எடுத்த துணுக்குகளை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, கொழுப்புத் துளிகளும், அழற்சியும், மாலரி என்பவரின் பெயரால் வழங்கும் ஒருவகைப் புரதத் திரளைகளும், தழும்பு நார்களும் காணப்பட்டன. மூவருக்கு ஈரல் சுருக்க நோயே முற்றியிருந்தது. அக்காலத்து வைத்திய சாஸ்திரத்தில் இத்தகைய தோற்றத்துக்கு மதுபானம் என்ற ஒரே அர்த்தம்தான் உண்டு. ஆனால் இவர்களோ மது அருந்தும் வழக்கம் இல்லாதவர்கள்; பெரும்பாலோர் பெண்கள், சற்றுப் பருத்த தேகம் உடையவர்கள், பலருக்கு நீரிழிவோ பித்தப்பைக் கல்லோ இருந்தது. நோயாளி "நான் குடிப்பதில்லை" என்கிறார். கண்ணாடித் தகட்டின்மேல் இருக்கும் துணுக்கு "குடித்தாய்" என்கிறது. இரண்டு சாட்சிகளுள் வைத்தியர்கள் துணுக்கையே நம்பினார்கள். குடியை ஒப்புக்கொள்ளும்படி நோயாளியை விடாமல் நெருக்குவதும், அவர் மறுத்தால் உறவினரைத் தனியே அழைத்து விசாரிப்பதும் நடந்து வந்ததை லுட்விக் தம் கட்டுரையிலேயே குறிப்பிடுகிறார். மது சாராத கொழுப்பு ஈரல் அழற்சி என்று பொருள்படும் ஒரு பெயரை அந்நோய்க்குச் சூட்டி, இதைப் புரிந்துகொண்டால் அத்தகைய வாக்குவாதங்களால் வைத்தியருக்கு விளையும் சங்கடம் தவிர்க்கப்படும் என்றும் எழுதினார். வைத்தியரின் சங்கடத்தைக் குறித்துக் கவலைகொண்ட அக்கட்டுரை, நோயாளியின் மானத்தைப் பற்றி நினைக்கும் பொறுப்பை வாசகரிடம் விட்டுவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

நோயாளி மறைவாகக் குடிப்பவரே என்ற அந்தச் சந்தேகம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. அது ஒழிய வேண்டியதும் இல்லை, ஏனெனில் மது இன்றும் ஈரலின் பெரும் பகைவனே. வைத்தியர் அதைப்பற்றிக் கேட்கும்போது அவமானமாகக் கருதாமல், எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று உள்ளபடி சொல்லிவிடுவதுதான் காரியத்துக்கு உதவும். ஆனால் மற்றொரு சந்தேகம், அதாவது ஒல்லியான மனிதனுக்கு ஈரலில் என்ன கொழுப்பு வந்துவிடப்போகிறது என்ற எண்ணம், நம் தேசத்தில் விசேஷமாகக் கேடு விளைவிப்பது. மேற்கு வங்காளத்துப் பீர்பூம் மாவட்டத்தின் கிராமங்களில், உழைத்துப் பிழைக்கும் எளிய ஜனங்களிடையே நடத்தி 2010-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், நூற்றுக்கு ஒன்பது பேருக்குச் சற்றுக் குறைவாக ஈரல் கொழுப்பு காணப்பட்டது. அப்படிக் காணப்பட்டவர்களுள் முக்கால்வாசிப்பேருக்கு, உயரத்தோடு ஒப்பிட்டு எடையை மதிப்பிடும் பி.எம்.ஐ. எண் 25-க்குக் கீழே இருந்தது, பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தொப்பைகூட இல்லை. மேனாட்டுப் பாடப் புத்தகத்தில் வரைந்திருக்கும் பருத்த நோயாளியின் சித்திரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு இவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். இமையை விலக்கிப் பார்த்து "மஞ்சள் இல்லையே" என்று முடித்துவிடுவதும் இதே ரகத்தைச் சேர்ந்ததுதான். காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்ற பழமொழி வைத்திய ரீதியில் சரியன்று என்பது ஒருபுறம் இருக்க, கண்ணில் மஞ்சள் காணாத ஒரே காரணத்தால் ஈரல் சுகமாயிருக்கிறது என்று கொள்வது அதைவிடப் பெரிய பிழை.

இனி, "எல்லாம் நார்மல்" என்ற தீர்ப்பு எதை ஆதாரமாகக் கொண்டது என்பதை ஆராய்வோம். ஈரலின் உயிரணு சிதையும்போது அதனுள்ளிருக்கும் சில என்சைம்கள் இரத்தத்தில் கலக்கின்றன, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று நம் பரிசோதனைக்கூடங்கள் எழுதித்தரும் எண்கள் அவற்றின் அளவுகளே. 1950-களின் மத்தியில் நியூயார்க்கில் கார்மன், ரோப்லெவ்ஸ்கி, லடு என்னும் மூவர் முதலில் மாரடைப்பைக் கண்டறியும் உத்தேசத்தோடு இவற்றை அளந்தார்கள். அதே காலத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் டி ரிட்டிஸ் என்பவர் ஈரல் அழற்சியில் இவை உயர்வதை எடுத்துக்காட்டினார். அளக்கக் கற்றபின், எது சகஜமான அளவு என்று எல்லை வகுக்க வேண்டியதாயிற்று. நோயற்றவர்போல் தோன்றும் மனிதர் பலரின் இரத்தத்தை எடுத்து அளந்து, உச்சத்தில் உள்ள மிகச் சிலரை மட்டும் ஒதுக்கி, மற்றவரெல்லாம் அடங்கும் இடத்தில் கோடு போடுவது வழக்கம். நோயற்றவர்போல் தோன்றியவர்களுக்குள்ளேயே ஊமை ஈரல் நோயாளிகள் ஏராளமாகக் கலந்திருந்தால் அந்தக் கோடு தானாகவே உயர்ந்துவிடும் அல்லவா? 2002-இல் மிலான் நகரத்து இரத்த தானக்காரர்கள் 6,800-க்கு மேற்பட்டோரின் அளவுகளை எடுத்துக்கொண்ட பிராட்டி என்பவரும் அவர் சகாக்களும், பருமன், சர்க்கரை, இரத்தக் கொழுப்பு ஆகியவற்றில் குறைபாடு உடையவர்களை நீக்கிவிட்டுப் பார்த்தபோது, எஸ்.ஜி.பி.டி.யின் உச்ச எல்லை ஆண்களுக்கு 30 என்றும் பெண்களுக்கு 19 என்றும் வந்தது. நம் ஊர்த் தாள்களில் இன்றும் 40 என்றும் அதற்கு மேலும் அச்சிட்டிருக்கும் எல்லையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 36 என்ற எண்ணைக் கையில் வைத்திருக்கும் ஒரு பெண்மணிக்குத் தடித்த எழுத்தும் இல்லை, நட்சத்திரக் குறியும் இல்லை. வைத்தியரின் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

அதைவிடச் சூட்சுமமான ஒரு சங்கதியும் உண்டு. தழும்பு முற்ற முற்ற, சிதைவதற்கு எஞ்சியிருக்கும் உயிரணுக்களும் அழற்சியும் குறைந்துவிடுவதால், எஸ்.ஜி.பி.டி. ஏறுவதற்குப் பதிலாக இறங்கவும் கூடும். முன்பு 70 இருந்தது இப்போது 35 ஆகிவிட்டது என்று நோயாளி மகிழ்ந்திருக்கும் வேளையில் நோய் ஒரு படி மேலே போயிருக்கலாம். ஆகையால் எண் ஒவ்வொன்றையும் தனியே நிறுத்தி விசாரிப்பதில் அதிகப் பிரயோஜனம் இல்லை. அவற்றைச் சேர்த்து விசாரிக்க வேண்டும். 2006-இல் ஸ்டெர்லிங் என்ற அமெரிக்க வைத்தியரும் அவர் சகாக்களும், ஹெச்.ஐ.வி.யும் சி வகை ஈரல் அழற்சியும் ஒருசேரக் கொண்டவர்களுக்காக வகுத்த ஒரு கணக்கு, பின்னர் கொழுப்பு ஈரலுக்கும் பொருந்துவதாகக் கண்டு ஏற்கப்பட்டது. ஃபிப்-4 என்று அதற்குப் பெயர். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கிக்கொள்ள வேண்டும். இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையை ஆயிரங்களில் எடுத்துக்கொண்டு, அதை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் விடை. தட்டணு இங்கே ஏன் வருகிறது என்று கேட்கலாம். ஈரல் தழும்பேறி இறுகும்போது குடலிலிருந்து அதற்குள் பாயும் இரத்தம் தடைப்பட்டு, அழுத்தம் பின்னோக்கி ஏறி, மண்ணீரல் வீங்குகிறது. வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைத் தன்னிடமே தேக்கிக்கொள்கிறது. அவற்றை உற்பத்தி செய்யத் தூண்டும் ஹார்மோனைச் சுரப்பதும் ஈரலே ஆகையால், அந்த வகையிலும் எண்ணிக்கை குறைகிறது. ஈரல் வலியால் சொல்ல முடியாததைத் தட்டணுக்களின் குறைவு சொல்லிவிடுகிறது.

ஓர் உதாரணம் பார்க்கலாம். வயது 58, எஸ்.ஜி.ஓ.டி. 38, எஸ்.ஜி.பி.டி. 36, தட்டணு 1,60,000. அச்சிட்ட எல்லைகளின்படி இவற்றுள் ஒன்றுகூடப் பிசகானதில்லை. ஆனால் 58-ஐ 38-ஆல் பெருக்கினால் 2,204. 160-ஐ 36-இன் வர்க்கமூலமாகிய 6-ஆல் பெருக்கினால் 960. விடை ஏறக்குறைய 2.3. இந்த விடை 1.3-க்குக் கீழே இருந்தால் கடுமையான தழும்பு இருப்பதற்கில்லை என்று பெரும்பாலும் துணியலாம், 2.67-க்கு மேலே போனால் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். இடைப்பட்டதாயின் அடுத்த பரிசோதனை அவசியம். ஆக, குற்றமற்ற நான்கு எண்கள் ஒன்றுகூடி, மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்று கேட்கின்றன. அதே மனிதருக்குத் தட்டணு மூன்று லட்சம் இருந்திருந்தால் விடை 1.2 சுமாருக்கு இறங்கி, கவலைக்கு இடமில்லாமல் போயிருக்கும். 65 வயதைக் கடந்தவருக்கு 1.3 என்னும் கீழ் எல்லையை 2 என்று உயர்த்திக்கொள்வார்கள். 35-க்குக் கீழ்ப்பட்டவருக்கு இக்கணக்கு நம்பத்தக்கதன்று. ஒரு காசு செலவில்லாத இந்தக் கணக்கை, கொழுப்பு ஈரல் என்று எழுதியிருக்கும் தாளின் ஓரத்தில் ஏன் எல்லோரும் போட்டுப் பார்ப்பதில்லை என்பது எனக்கு விளங்காத விஷயங்களுள் ஒன்று.

அடுத்த பரிசோதனை ஃபைப்ரோஸ்கேன். விலா எலும்புகளின் இடையே ஒரு கருவியை வைத்து மெல்லத் தட்டினால் உண்டாகும் அதிர்வலை, இறுகிய ஈரலில் விரைந்தும் மிருதுவான ஈரலில் மெதுவாகவும் செல்லும். அந்த வேகத்திலிருந்து இறுக்கத்தைக் கிலோபாஸ்கல் என்னும் அலகில் கணித்துவிடுகிறார்கள். பாரிஸில் உருவாகி 2003-இல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்ட இந்த உபாயம் ஊசி குத்தும் அவசியத்தைப் பெரிதும் குறைத்துவிட்டது. 8-க்குக் கீழே இருந்தால் நல்லது. உணவருந்தியவுடன் ஈரலுக்கு இரத்தம் அதிகமாகப் பாய்ந்து அளவு பொய்யாக உயரும் ஆகையால், மூன்று மணி நேரம் வெறும் வயிறாக இருந்து போக வேண்டும். சாதாரண ஸ்கேனில் எழுதும் கிரேடு ஒன்று, இரண்டு, மூன்று என்பவை கொழுப்பின் அளவைச் சொல்வனவே அன்றித் தழும்பின் அளவைச் சொல்வன அல்ல. கிரேடு ஒன்று என்று நிம்மதியோடு வீடு திரும்புகிறவரும், கிரேடு மூன்று என்று கலங்குகிறவரும் தமக்கு வேண்டிய விடையை இன்னும் பெறாதவர்களே. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தாய்லாந்திலுமாக 619 நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியான ஆராய்ச்சி, நுண்ணோக்கியில் தெரியும் மாறுதல்கள் எல்லாவற்றுள்ளும் தழும்பின் படிநிலை ஒன்றே ஆயுளோடு சம்பந்தப்பட்டது என்று காட்டியது.

வைத்தியரிடம் எதைக் கேட்பது என்பது இதிலிருந்து விளங்கும். "என் ஈரல் நன்றாயிருக்கிறதா?" என்ற கேள்விக்கு "நன்றாயிருக்கிறது" என்ற பதிலே கிடைக்கும். "ஸ்கேன்ல கொழுப்பு இருக்குன்னு வந்திருக்குங்க டாக்டர். தழும்பு இருக்கான்னு பார்த்துடலாமா? இந்த நாலு நம்பரை வெச்சுக் கணக்குப் போட்டா 2.3 வருது" என்று கேட்டால், அது புகாராகவும் இராது, வைத்தியரின் ஸ்தானத்தைத் தாம் எடுத்துக்கொள்வதாகவும் இராது; ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்லியே தீர வேண்டிய கேள்வியாக இருக்கும். நீரிழிவு உள்ளவர்க்கு என்சைம்கள் சகஜமாக இருந்தாலும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதலே கூறுகிறது. இந்திய அரசாங்கமும் 2021 பிப்ரவரியில் கொழுப்பு ஈரலை, புற்றுநோய், நீரிழிவு, இருதய நோய் ஆகியவற்றுக்கான தேசியத் திட்டத்தில் சேர்த்துவிட்டது. ஆகவே நோயாளி கேட்பது சலுகையன்று. ஐந்து ஆண்டுத் தாள்களைத் தேதி வரிசையாக அடுக்கிக் கொண்டுபோவது, பத்து உபாதைகளைச் சொல்லாமல் முக்கியமான ஒன்றைச் சொல்வது, குடும்பத்தில் யாருக்கேனும் ஈரல் சுருக்கம் இருந்திருந்தால் அதை முதலிலேயே தெரிவிப்பது, பி, சி வகை வைரஸ்களுக்கு இதுவரை பரிசோதித்ததில்லையென்றால் அதைக் கேட்டுப் பெறுவது ஆகியவை காரியத்தை எளிதாக்கும். பரிசோதனை வேண்டாம் என்று வைத்தியர் தீர்மானித்தால், அதற்கான காரணத்தைச் சீட்டில் ஒரு வரி எழுதித் தரும்படி மரியாதையாகக் கேட்கலாம். எழுதப் புகும்போது பலருடைய தீர்மானம் மாறிவிடுவதுண்டு. அப்போதும் மனம் அமைதியடையாவிட்டால் ஈரல் நிபுணர் ஒருவரின் அபிப்பிராயத்தை நாடுவதில் நன்றிக்கேடு எதுவும் இல்லை.

வேர்க்குருவோ சொறியோ இல்லாமல் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இரவில் மிகுந்து அரிக்கும் அரிப்போடும் அசதியோடும் வரும் நடுவயதுப் பெண்களைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாதவிடாய் நிற்கும் காலத்துக் கோளாறு என்றும் மனக் கவலை என்றும் சொல்லி இவர்களைத் திருப்பி அனுப்புவது உலகமெங்கும் நடப்பது. ஈரலுக்குள் உள்ள நுண்ணிய பித்த நாளங்களைச் சரீரத்தின் காவற்படையே தாக்கி அழிக்கும் ஒரு நோய் இவ்வாறு தொடங்கக்கூடும். 1965-இல் லண்டனில் டெபோரா டோனியாக், ஷீலா ஷெர்லாக் முதலியோர், இந்நோயாளிகளின் இரத்தத்தில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு எதிரான ஒரு பிரத்தியேகப் பொருள் காணப்படுவதை வெளியிட்டது முதல், ஒரு குப்பி இரத்தத்தால் நிர்ணயம் செய்யக்கூடியதாக அது ஆகிவிட்டது. இங்கே உயர்வது ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற எண். தாளில் அது உயர்ந்திருந்தால் அரிப்பை வைத்தியருக்கு மீண்டும் ஞாபகப்படுத்துவது உசிதம்.

நோயாளியின் தரப்பிலும் ஒரு மறைப்பு நடக்கிறது. கீழாநெல்லியும் சூரணங்களும் லேகியங்களும் உட்கொள்வதை வைத்தியரிடம் சொன்னால் கோபிப்பார் என்று பலர் மறைத்துவிடுகிறார்கள். கீழாநெல்லி அவமதிக்கத்தக்க மூலிகையன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜனும் நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும் சேர்ந்து 1988-இல் 'லான்ஸெட்' பத்திரிகையில் வெளியிட்ட ஆராய்ச்சியில், பி வகை வைரஸைச் சுமந்திருந்தவர்களுள் மருந்துண்ட 37 பேரில் 22 பேருக்கு அதன் அடையாளம் மறைந்ததாகத் தெரிவித்தார்கள். பிற இடங்களில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. ஆனால் மூலிகை என்ற ஒரே காரணத்தால் எல்லாம் தீங்கற்றவை ஆகிவிடுவதில்லை. கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்திலை அருந்திய சிலருக்கு ஈரல் அழற்சி உண்டானதை மும்பை வைத்தியர்கள் 2021-இல் எழுதியிருக்கிறார்கள். உண்பதை உள்ளபடி சொல்லாத நோயாளி, தம்மை வைத்தியர் உள்ளபடி கவனிக்கவில்லை என்று குறைப்படுவது பொருந்தாது.

தழும்பு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்குக் கியூபாவிலிருந்து ஒரு விடை உண்டு. அங்கே 293 நோயாளிகளை ஓராண்டுக்கு உணவுக் கட்டுப்பாட்டிலும் நடைப்பயிற்சியிலும் மட்டும் வைத்திருந்து, ஆரம்பத்திலும் முடிவிலும் ஈரல் துணுக்கை எடுத்துப் பார்த்து, 2015-இல் வெளியிட்டார்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அழற்சி நீங்கியிருந்தது. நூற்றுக்கு நாற்பத்தைந்து பேருக்குத் தழும்பே பின்வாங்கியிருந்தது. அந்த அளவுக்கு இளைத்தவர்கள் மொத்தத்தில் பத்தில் ஒருவரே என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். "வெயிட்டைக் குறைங்க" என்ற பழைய உபதேசம் சரியானதுதான்; எவ்வளவு, எத்தனை மாதத்தில், குறைந்ததா என்று யார் பார்ப்பது என்ற விவரங்கள் இல்லாமல் அது வாசற்படியோடு நின்றுவிடுகிறது. 2024 மார்ச்சில் ரெஸ்மெடிரம் என்ற மருந்து, நடுத்தரம் முதல் கடுமை வரையிலான தழும்பு உடையவர்களுக்காக அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஈரல் சுருக்கம் முற்றியவர்களுக்கு அது உரியதன்று.

முதல் கணக்கில் 1.3-க்குக் கீழே வந்தவர்களும் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாகாது. நீரிழிவு உள்ளவர்கள் ஓரிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், மற்றவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் அதே கணக்கைத் திரும்பப் போட வேண்டும். அடுத்து எப்போது போடுவது என்ற தேதியை வைத்தியரிடமே கேட்டுச் சீட்டில் குறித்துக்கொள்வது நல்லது.